ஆவி வருது

அந்த ஐந்தாம் வகுப்பு ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ‘ஏன்’ டீச்சர். வைக்காமல் என்ன செய்வார்கள்? வாயைத் திறந்தால் ‘ஏன்’தான். மழை ஏன் பெய்கிறது, கணக்கில் மீதி ஏன் வந்தது, நகத்தை ஏன் கடிக்கிறாய், கடித்ததை ஏன் துப்புகிறாய். அந்தப் பெயர் அவர் காதுக்கும் வந்துவிட்டது. கோபப்படுவது போல நடித்தாரே தவிர, உள்ளுக்குள் ஒரே பெருமைதான்.

அவர் வகுப்பு நடத்துகிற முறையே தனி. திங்கட்கிழமை காலை ஜெபமும் பாட்டும் முடிந்த கையோடு கரும்பலகையின் இடது மூலையில் ஒரே ஒரு சொல்லை எழுதுவார். அதற்கு வாரச் சொல் என்று பெயர். வெள்ளிக்கிழமை மாலை வரை அதை யாரும் அழிக்கக் கூடாது. வேதப்பாடம், அறிவியல், கணக்கு, இலக்கணம் எல்லாம் அந்த வாரம் அந்தச் சொல்லைத் தொட்டுக்கொண்டுதான் போகும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து, “நான் கண்டுகொண்டது” என்று ஆரம்பித்து அந்தச் சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாடப்புத்தகத்தில் இருப்பதை ஒப்பித்தால் தொலைந்தது. “அது புத்தகம் கண்டுகொண்டது. நீ கண்டுகொண்டது எங்கே?” என்று உட்கார வைத்துவிடுவார்.

ஒளி, எடை, வேர் என்று எத்தனையோ சொற்கள் வந்து போயின. அந்தத் திங்கட்கிழமை அவர் எழுதிய சொல் ஆவி. எழுதிவிட்டுச் சுண்ணாம்புத் தூளைத் தட்டியபோது டீச்சருக்கு மனசுக்குள் பெரிய கெட்டிக்காரத்தனம். அறிவியலுக்கு நீராவி இருக்கிறது. வேதப்பாடத்துக்குப் பரிசுத்த ஆவி இருக்கிறார். கணக்கில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆவியானது போக மீதி எவ்வளவு என்று போட்டுத் தாளிக்கலாம். ஒரு சொல் இவ்வளவு வேலை செய்யுமா என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

முதல் பாடமே களைகட்டியது. ஆண்டவர் மண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்து, அவன் மூக்கில் ஊதினார், அவனுக்கு உயிர் வந்தது என்று டீச்சர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கை தூக்கியாகிவிட்டது. அந்தக் கைக்குச் சொந்தக்காரன் ரேடியோ. அணைக்க முடியாது என்பதால் அந்தப் பெயர்.

“மூக்குலயா டீச்சர்? அப்போ முதல் மனுஷன் முதல் வேலையா தும்மியிருப்பானே!”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு, “தும்மினாலும் ஆண்டவர் கோச்சுக்கிட்டிருக்க மாட்டார். உட்காருடா” என்றார்.

“டீச்சர், இன்னொண்ணு. பேயும் ஆவிதானே?”

“அந்த ஆவி நம்ம பாடத்துல இல்ல.”

அவ்வளவுதான் சொன்னார். ஈயை விரட்டுவது போலக் கையை வீசிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். எல்லாவற்றுக்கும் ஏன் ஏன் என்று குடைகிறவர், அந்த ஒரு இடத்தில் மட்டும் நின்று பேசாமல் தாண்டினார் பாருங்கள், அங்கேதான் வினை ஆரம்பித்தது.

அந்தச் சிரிப்பில் சேராத ஒரு பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் அவளைச் சிட்டு என்பார்கள். போன பருவம் வரை அந்தப் பெயருக்கு ஏற்ற பிள்ளைதான். கேள்விமேல் கேள்வி கேட்டு டீச்சரையே திணறடித்தவள். பேருந்து ஓட்டுநரான அவள் அப்பா ஒரு நாள் இரவு சாப்பிட்டுவிட்டு, மகளிடம் விளையாட்டாகச் சண்டை போட்டுவிட்டுப் படுத்தார். காலையில் எழுந்திருக்கவில்லை. நோய் கிடையாது, நொடி கிடையாது. தூக்கத்திலேயே போய்விட்டார். அன்றிலிருந்து சிட்டு பள்ளிக்கு வருவாள், சொன்னதை எழுதுவாள், போய்விடுவாள். வாய் மட்டும் திறப்பதில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவள் முறை வந்தால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பாள். டீச்சரும், “சரி கண்ணு, உட்காரு” என்பார். சொல்லிவிட்டு ஆசிரியர் அறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொள்வார். அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்துவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று அவர் ஜெபிக்காத நாள் இல்லை.

புதன்கிழமை அறிவியல். டீச்சர் ஆசிரியர் அறையிலிருந்து தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்சாரக் கெண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு எவர்சில்வர் தட்டை ஐஸ்கட்டியின் மேல் வைத்துக் குளிர வைத்தார். கெண்டி கொதித்து மூக்கால் சீறியபோது தட்டை அதற்கு மேலே பிடித்தார். தட்டின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தது.

“பார்த்தீங்களா? ஆவி கண்ணுக்குத் தெரியாது. ஆனா குளிர்ந்தது ஒண்ணு எதிர்ல வந்தா, நான் இங்கதான் இருக்கேன்னு காட்டிக் கொடுத்துடும்.”

“எனக்குச் சளி பிடிச்சா எங்கம்மா ஆவி பிடிக்க வைப்பாங்க டீச்சர்” என்றான் ரேடியோ. “எங்க தெருவுல ஒருத்தருக்கு ஆவியே பிடிச்சிருக்காம்!”

“உன் வாயை முதல்ல பிடிச்சு வை.” டீச்சர் தட்டைத் துடைத்து மறுபடி குளிர வைத்து, தன் வாய்க்கு நேராகப் பிடித்து, ஹா என்று ஊதினார். தட்டு மங்கியது. “இதுவும் நீராவிதான். கெண்டி வேணாம், அடுப்பு வேணாம். ஒவ்வொருத்தருக்குள்ளயும் இருந்து வந்துக்கிட்டே இருக்கு.”

ஜன்னலோரம் ஒரு கை மெல்ல உயர்ந்தது. டீச்சர் தட்டை மேசைமேல் வைத்தார்.

“எப்பவும் வருமா டீச்சர்?” என்றாள் சிட்டு. பேசாமலே கிடந்த குரல், கரகரத்துப் போயிருந்தது.

“எப்பவும் வரும் கண்ணு. உயிர் இருக்கிற வரைக்கும் நிக்காது.”

“நாம பார்க்காதப்பவும்?”

“நீ பார்த்தாலும் வரும், பார்க்காட்டியும் வரும்.”

சிட்டு தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. ஆசிரியர் அறையில் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி, “என் சிட்டு கேள்வி கேட்டுட்டா! ஒண்ணு இல்ல, ரெண்டு!” என்று சொன்னார். சங்கீத ஆசிரியைக்கு இரண்டு தடவை சொன்னார்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலைக்கு மேல் தாங்கவில்லை. வியாழக்கிழமை முதல் மணி அடிப்பதற்கு முன்னாலேயே தலைமை ஆசிரியையின் அறையிலிருந்து ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் அங்கே சிட்டுவின் அம்மா நிற்கிறார். தையல்காரர். கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார் போல, அளவு டேப் கழுத்திலேயே தொங்கியது. கண்கள் சிவந்திருந்தன.

“பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தர்றீங்களா, பேயைக் கூப்பிடச் சொல்லித் தர்றீங்களா?” என்றார் எடுத்த எடுப்பில்.

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா உட்காரவில்லை.

“ராத்திரி கண்ணை மூடிப் படுத்திருக்கேன். பக்கத்துல எழுந்து உட்கார்ந்துக்கிட்டு, இருட்டுல, என் மூஞ்சிக்கு நேரா ஒரு தட்டைப் பிடிச்சுக்கிட்டு, ‘ஆவி வருது, ஆவி வருது’ன்னு முணுமுணுக்கிறா. எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு டீச்சர். கொஞ்ச நேரத்துல, ‘வரல, ஆவி வரல’ன்னு வீடே அதிரக் கத்தி அழறா. போன அப்பாவைத் தட்டு வச்சுக் கூப்பிட்டிருக்கா என் பொண்ணு! யாருடி உனக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்ததுன்னு கேட்டா, டீச்சர்னு சொன்னா. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. அவர் இல்லைங்கறதை அவளுக்குப் புரிய வைக்க நான் படாத பாடு படறேன். நீங்க ஒரே நாள்ல அத்தனையும் கெடுத்துட்டீங்களே!”

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “அந்தச் சொல்லை உடனே அழிச்சிடுங்க” என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ‘ஏன்’ டீச்சர் ‘ஏன்’ என்று கேட்கவில்லை.

“அழிச்சா ஆச்சா? எனக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுங்க. என் பொண்ணை வேற பள்ளிக்கூடத்துல சேர்த்துக்கிறேன்” என்றார் அம்மா.

குளிர்ந்த தட்டு எதிரே வந்தால் ஆவி தன்னைக் காட்டிக் கொடுக்கும் என்று டீச்சர் சொன்னதையும், ஆண்டவர் ஊதிய ஆவி என்று தான் சொன்னதையும், அந்த ஆவி நம் பாடத்தில் இல்லை என்று தான் தட்டிக்கழித்ததையும் அந்தப் பிஞ்சு மனசு ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுவிட்டது. யார் குற்றம்? ஒரே சொல்லில் பல பொருளைத் திணித்து மார்தட்டிக்கொண்டவர் குற்றம். இவ்வளவு காலம் கழித்து வாயைத் திறந்த பிள்ளை. இப்போது வேறு பள்ளிக்குப் போனால் அந்த வாய் மறுபடி மூடிக்கொள்ளும். இனி ஒரு டீச்சரிடமும் அது திறக்காது.

“உங்க இஷ்டம்தான்மா. நான் குறுக்கே நிக்க மாட்டேன்” என்றார். “ஆனா ஒரே ஒரு வகுப்பு கொடுங்க. நாளைக்குக் கடைசிப் பாடவேளை. நீங்களும் வந்து உட்காருங்க. என் தப்பை உங்க முன்னாலயே திருத்திடறேன். அப்புறம் கூட்டிக்கிட்டுப் போங்க.”

அம்மா டேப்பைக் கழுத்திலிருந்து உருவிக் கையில் சுற்றிக்கொண்டே யோசித்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வந்தார். கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். மகள் திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று முன்னால் பார்த்துக்கொண்டாள். சொல் இன்னும் பலகை மூலையிலேயே இருந்தது. தன் தப்பைத் திருத்துகிறவரைக்கும் அழிக்க வேண்டாம் என்று தலைமை ஆசிரியையிடம் டீச்சர் கெஞ்சி வைத்திருந்தார்.

பிள்ளைகள் வழக்கம்போல ஆரம்பித்தார்கள். ஒருத்தி, அப்பா சட்டை தேய்க்கும்போது துணி பெருமூச்சு விடுவதைக் கண்டுகொண்டதாகச் சொன்னாள். ஒருவன், பால் பொங்குவதற்கு முன்னால் பாத்திரத்தின் மூடி தாளம் போடுகிறது என்றான். ரேடியோ எழுந்தான். “நான் கண்டுகொண்டது. சளி பிடிச்சா ஆவி பிடிக்கணும். ஆனா ஆவி பிடிச்சா என்ன பிடிக்கணும்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியல.”

எல்லாரும் சிரித்தார்கள். கடைசி பெஞ்சில் அம்மாவின் முகம் கறுத்தது. “உட்காரு!” என்று டீச்சர் போட்ட சத்தத்தில் ரேடியோவே அணைந்துபோனான்.

டீச்சர் எழுந்தார். இரவெல்லாம் யோசித்து வாக்கியங்களைச் சேர்த்து வைத்திருந்தார். போனவர்களின் ஆவி ஆண்டவர் கையில் இருக்கிறது, அது தட்டில் இறங்காது, அப்பா வர மாட்டார் கண்ணு. இதைத்தான் சொல்லியாக வேண்டும். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும். “ஆவின்னா…” என்று இழுத்தார்.

அப்போது, யாரும் கூப்பிடாமல், சிட்டு எழுந்தாள். பையிலிருந்து சாப்பாட்டுத் தட்டை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“நான் கண்டுகொண்டது” என்றாள். “அம்மா தூங்கும்போதும் ஆவி வருது.”

டீச்சர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“அப்பா தூங்கினப்போ யாரும் பார்க்கல. அதனால நான் தினமும் முழிச்சிருந்து அம்மாவைப் பார்ப்பேன். இருட்டுல நெஞ்சு அசையறது தெரியாது. காதை வச்சா அம்மா முழிச்சுக்குவாங்க. அதான் தட்டை ஃபிரிட்ஜுல வச்சிருந்து எடுத்து, மூக்குக்கிட்ட பிடிச்சேன். தொட்டுப் பார்த்தா ஈரமா இருந்துச்சு. ஈரமா இருந்தா அம்மா இருக்காங்கன்னு அர்த்தம். திரும்பத் திரும்பப் பார்த்தேன். வந்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம்…” தட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள். “அப்புறம் திடீர்னு வரல. துடைச்சுட்டு வச்சேன், வரல. எப்பவும் வரும்னு டீச்சர் சொன்னாங்க. ஆனா வரல.”

ஒரே சொல்லில் பல பொருள் என்று பெருமைப்பட்டவர் டீச்சர். அந்தப் பொருள்களில் எதுவும் பிள்ளையைக் குழப்பவே இல்லை. சொன்ன பாடத்தைச் சொன்னபடி அப்படியே வாங்கிக்கொண்டு போய், ஒரு தட்டை வைத்துக்கொண்டு, தன் அம்மாவின் உயிருக்குக் காவல் இருந்திருக்கிறாள். பேயைப் பார்த்தவர்கள் பெரியவர்கள்தான்.

கடைசி பெஞ்சு தடாலென்று சத்தம் போட்டது. அம்மா எழுந்திருந்தார்.

“நான்தான்டி மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன்!”

சிட்டு திரும்பினாள். “ஏம்மா?”

“நீ ஆவி வருது, ஆவி வருதுன்னு சொன்னியே. உங்க அப்பாதான் வந்து நிக்கிறாரோன்னு நினைச்சுட்டேன். பயத்துல மூச்சே விடலடி.” அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பீறிட்டது. பெஞ்சுகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு வந்து மகளின் இரண்டு தோளையும் பிடித்தார். “நான் தூங்கவே இல்ல. நீ தூங்கட்டும்னு கண்ணை மூடிப் படுத்திருப்பேன். நீ தூங்கிட்டேன்னு நினைச்சு உன் மூக்குக்கிட்ட நான்தான் தினமும் விரல் வச்சுப் பார்ப்பேன்.”

“அது நீயா? நான் தூங்கற மாதிரி நடிச்சுக்கிட்டு இருப்பேன். நீ கையை எடுத்தப்புறம்தான் எழுந்திருப்பேன்.”

“அப்போ யாருதான் தூங்கினீங்க?” என்றான் ரேடியோ, அடக்க மாட்டாமல். இந்தத் தடவை டீச்சர் அவனை உட்காரச் சொல்லவில்லை.

சிட்டு தட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, அம்மாவைப் பார்க்காமல், டீச்சரையும் பார்க்காமல் கேட்டாள்.

“அன்னைக்கு யாராவது தட்டு வச்சுப் பார்த்திருந்தா அப்பா இருந்திருப்பாரா?”

‘ஏன்’ டீச்சரிடம் பதில் இல்லாத கேள்வி இல்லை என்று அந்தப் பள்ளியில் ஒரு பேச்சு உண்டு. ஆனால் இந்தத் தடவை அம்மாதான் தரையில் மண்டியிட்டு, மகளின் உயரத்துக்கு வந்தார்.

“இல்லடா தங்கம். நான் அவர் பக்கத்துலயே, அவர் கைமேல தலை வச்சுத்தான் படுத்திருந்தேன். தட்டு பார்த்துச் சொல்லும். பிடிச்சு வைக்காது. பிடிச்சு வைக்கிறது உன்னாலயும் முடியாது, என்னாலயும் முடியாது. கொடுத்தவர் எடுத்துக்கிட்டார். அவர்கிட்ட பத்திரமா இருக்கார் உங்க அப்பா. உன் மேல ஒரு தப்பும் இல்ல. கேட்குதா? ஒரு தப்பும் இல்ல.”

அப்பாவுக்காக அந்தப் பிள்ளை அப்போதுதான் அழுதாள். அவர் போன அன்றைக்குக்கூட அழாதவள் என்று பேர். அம்மாவின் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டு, விக்கி விக்கி, வகுப்பு முழுக்கக் கேட்க அழுதாள்.

மற்ற பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ரேடியோதான் முதலில் தன் பைக்குள் கையை விட்டான். மதியம் கழுவி வைத்த சில்லென்ற தட்டை எடுத்தான். வாயருகே கொண்டுபோய், ஹா என்றான். மங்கியது. அது மறையும்வரை கண் இமைக்காமல் பார்த்தான். மறுபடி ஊதினான். பக்கத்திலிருந்தவள் தன் தட்டை எடுத்தாள். பின்னால் ஒருவன். அப்புறம் ஒவ்வொரு பெஞ்சாக. வகுப்பெங்கும் தட்டுகள் மங்குவதும் தெளிவதும், மங்குவதும் தெளிவதுமாக இருந்தன. ஊதிய சத்தம் மட்டும் மெல்லக் கேட்டது.

டீச்சர் பார்த்துக்கொண்டே நின்றார். வருஷா வருஷம் இதைத்தான் நான் பாடம் என்று நடத்திக்கொண்டிருந்தேனா என்று நினைத்தார். இத்தனை பிள்ளைகள். இத்தனை மூச்சு. யாரும் கேட்டு வாங்கவில்லை, யாரும் பிடித்து வைக்கவும் முடியாது, ஆனாலும் வந்துகொண்டே இருக்கிறது. அவருக்குப் பயமாகவும் இருந்தது, தாங்க முடியாத சந்தோஷமாகவும் இருந்தது. கோவிலுக்குள் கால் வைத்ததுபோல, அவரை அறியாமலே செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்.

மணி அடித்தது. யாரும் எழுந்து ஓடவில்லை. அம்மா மகளின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். சான்றிதழைப் பற்றி அவர் கேட்கவில்லை, டீச்சரும் நினைவுபடுத்தவில்லை. வாசலருகே சிட்டு நின்றாள். கையில் தட்டு இன்னும் இருந்தது.

“அம்மா, இன்னைக்கு ராத்திரியும் ஒரு தடவை வச்சுப் பார்க்கட்டுமா? ஒரே ஒரு தடவை.”

அம்மா டீச்சரைப் பார்த்தார். டீச்சர் விலகி வழிவிட்டார். இதற்குப் பதில் சொல்ல அவருக்கு என்ன உரிமை? அம்மா குனிந்து மகளின் கண்ணைத் துடைத்துவிட்டார்.

“தாராளமா வச்சுப் பாரு கண்ணு” என்றார். “இந்தத் தடவை நான் மூச்சைப் பிடிக்க மாட்டேன்.”